ஒரே குடும்பம்

பூட்டுக்காரர் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது, டீச்சர் ஒரு பிரேமின் தளர்ந்த திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம்.

டீச்சர் என்பது அவள் தொழில் அல்ல. கடைக்கு வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து எந்தப் பவர் என்று சொல்வதுதான் அவள் வேலை. தாவரவியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கண் பார்க்கிற படிப்பைத் தனியாகப் படித்து இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தவள். விட்டுப்போன படிப்பின் மேல் ஆசை மட்டும் போகவில்லை. வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களின் போன் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். அங்கே புதிதாக வந்தவர்கள் பாதி வார்த்தை புரியாமல் திண்டாடுவார்கள். மூடாக்கு என்றால் செடிக்கு முக்காடு போடுவதா என்று ஒருவர் கேட்டார். மணிச்சத்தை எத்தனை மணிக்குப் போடுவது என்று இன்னொருவர். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் தினம் ஒரு சொல்லை எடுத்துக் குரல் பதிவாக விளக்க ஆரம்பித்தாள். மண் காயாமல் இருக்க மேலே பரப்பும் சருகுதான் மூடாக்கு. மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் வேண்டிய உரம். நாலைந்து வாக்கியம், அவ்வளவுதான். அதிலேயே டீச்சர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

"டீச்சர்தானே? நான் பூட்டு" என்றார் வந்தவர். குழுவில் அவர் பேரே அதுதான். ஒரு கையால் கண்ணுக்கு மேல் மறைப்புப் பிடித்திருந்தார். மறு கையில் ஒரு துணிப்பை.

"வாங்க வாங்க. குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுது. ஏன் கண்ணை மறைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"வெளிச்சம் கொல்லுது. சாப்பிட்டுட்டு வந்து ஒரு சாவி அறுக்க உட்கார்ந்தேன். சாவியோட பல்லே தெரியல. தூரத்துல பஸ் நம்பர் தெரியுது, கையில இருக்கிற சாவி தெரியல. வயசாயிடுச்சு, கண்ணாடி போட்டுடலாம்னு வந்தேன். உங்களையும் பார்த்த மாதிரி ஆச்சு."

அவரை உள்ளறை நாற்காலியில் உட்கார வைத்தாள். படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தாள். மேல் வரியில் இருந்த பெரிய எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. வயதானால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் சக்தி மெல்லமெல்லக் குறையும். சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரத்துக்குள் போய்விடாது. டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தாள்.

கருவிழியின் நடுத்துளை விரிந்து, சுற்றி ஒரு மெல்லிய வளையம் மட்டும் மிச்சமிருந்தது. வெளிச்சம் பட்டதும் அது சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. இடது கண்ணிலும் அப்படியே.

"எந்த ஆஸ்பத்திரியிலாவது கண்ணுல சொட்டு மருந்து விட்டாங்களா?"

"நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்? கொஞ்சம் தண்ணி குடுங்க. நாக்கு காஞ்ச தோல் மாதிரி இருக்கு."

ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். முகம் அடுப்படியில் நின்றவர் முகம் போல் சிவந்து கிடந்தது. வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இப்படி விரிந்த கண்ணை டீச்சர் பார்த்திருக்கிறாள். சோதனைக்காக மருந்து விட்ட கண் இப்படித்தான் இருக்கும். ஆனால் சொட்டு மருந்து வாயை உலர்த்தி, முகத்தைச் சிவக்கவைத்து அவள் பார்த்ததில்லை. இது உடம்பு முழுக்கப் போயிருக்கிறது.

அவர் அதற்குள் துணிப்பையை மேசையில் வைத்திருந்தார். "இது உங்களுக்கு. முதல் பறிப்பு. ஒட்டுத் தக்காளி. எல்லாம் நீங்க சொல்லித்தந்த வித்தை."

பைக்குள் நல்ல சிவப்பில் உருண்டு திரண்ட பழங்கள். அவருடைய தக்காளி இரண்டு முறை பட்டுப்போன கதை குழுவுக்கே தெரியும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு என்று டீச்சர்தான் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள் குடியிருந்து சத்தை உறிஞ்சும். அதையொட்டித்தான் அடுத்த சில நாள் ஒட்டுக் கட்டுவது பற்றிப் பேசினாள். கீழே வேரோடு இருக்கும் முரட்டுச் செடி வேர்ச்செடி. மேலே நாம் வெட்டிப் பொருத்துவது ஒட்டுக்குச்சி. இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தால் ஒட்டும். சுண்டைக்காய்ச் செடியின் மேல் கத்தரியை ஒட்டுவதை உதாரணமாகச் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"எது மேல ஒட்டினீங்க?"

"படம் பாருங்க." பூட்டுக்காரர் போனை விரலால் திறந்து அவளிடமே நீட்டினார். அவருக்குத் திரை தெரியவில்லை.

தொட்டியில் வளமான தக்காளிச் செடி. தண்டின் அடியில், ஒட்டுக்குக் கீழே, கிள்ளாமல் விட்ட ஒரு பக்கக்கிளை. அதில் அகலமான, விளிம்பு கோணல்மாணலாக வெட்டிய இலைகள். நுனியில் குழல் போல நீண்ட வெள்ளை மொட்டு.

"ஊமத்தை" என்றார் அவர், பெருமையாக. "எங்க குப்பைமேட்டுல யாரும் தண்ணி ஊத்தாமலே ஆளுயரம் நிக்குது. இதை விட முரடு எங்க கிடைக்கும்? உங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன். ஊமத்தையும் தக்காளியும் ஒரே குடும்பமான்னு. ஆமான்னு சொன்னீங்களே."

சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஏறும் அவசரத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஆமா, ரெண்டும் ஒரே குடும்பம்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

"இதைச் சாப்பிட்டீங்களா?"

"மத்தியானம் உப்பும் மிளகும் தூவி அப்படியே. தட்டு நிறைய. கொஞ்சம் கசந்துச்சு, நாட்டு ரகம்னு விட்டுட்டேன்."

"வேற யார் சாப்பிட்டாங்க?"

"நானும் வீட்டுக்காரியும். அவ கடைசியா வந்து, நின்னுக்கிட்டே நாலு துண்டு எடுத்தா. வேலைக்குக் கிளம்புற அவசரம்."

"என்ன வேலை?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறா."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிகள் விடும் நேரம்.

முதலாளியைக் கூப்பிட்டாள். கணக்குப் பார்ப்பதை விட்டு எதற்கும் எழுந்திருக்காத மனிதர், அவள் கூப்பிட்ட விதத்தில் உடனே எழுந்து வந்தார்.

"இவருக்கு ஊமத்தை விஷம் ஏறியிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"ஊமத்தையை எதுக்குத் தின்னார்?"

"தின்னது தக்காளிதான். ஊமத்தை வேர் மேல ஒட்டின தக்காளி. விஷத்தை ஊமத்தை வேர்லதான் அதிகமா உண்டாக்கும். மேல எந்தச் செடியை மாட்டினாலும் வேர் பாட்டுக்கு அதோட வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். தண்ணி ஏறுற குழாய் வழியா அதுவும் ஏறிப் பழத்துக்கு வந்துடும். டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. பையையும் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணையும் வாயில வச்சுடாதீங்க."

"நான் எதுக்கு வைக்கிறேன்" என்றபடி முதலாளி பையை இரண்டு விரலால் தூக்கினார்.

பூட்டுக்காரரின் போனிலிருந்து அவர் மனைவியை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அழைத்தாள். "ஸ்டியரிங்கைப் பிடிச்சா போனைத் தொடமாட்டா" என்றார் அவர். "அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு." பிறகு மேசை விளிம்பில் எதையோ கிள்ளி எடுக்க முயன்றார். "இங்க ஒரு நூல் தொங்குது. எடுக்க வரமாட்டேங்குது."

மேசையில் நூல் எதுவும் இல்லை.

டீச்சர் அவர் எதிரில் குனிந்து, இரண்டு தோளையும் பிடித்தாள். "இங்க பாருங்க. எந்த ஸ்கூல்? பேர் சொல்லுங்க."

"பெரிய கேட்டு. நான்தான் பூட்டு போட்டேன். ரெட்டை நாக்கு. ஒரு நாக்கு மாட்டாது, எண்ணெய் விடணும்னு எத்தனை தரம் சொன்னேன்..."

"கேட்டு எங்க இருக்கு? பக்கத்துல என்ன இருக்கு?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். வார்த்தை கைக்கு எட்டி எட்டி நழுவுவது அவர் முகத்திலேயே தெரிந்தது. "தண்ணித் தொட்டி" என்றார். "பெரிய தண்ணித் தொட்டிக்கு நேர் எதிர. கேட்டைத் திறந்தா அது நிழல்லதான் வந்து விழும்."

"எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. "என் பேத்தி படிச்ச ஸ்கூல். சந்தை ரோட்டுல நேராப் போய் பாலத்துக்கு முன்னால திரும்பு." ஸ்கூட்டர் சாவியை அவளிடம் எறிந்தார். "நீ போ. இவரை நான் ஆட்டோவில கூட்டிட்டுப் போறேன்."

சந்தை ரோட்டில் எப்போதும் போல லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தன. கோணி ஏற்றிய ஒரு வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்கூட்டரை நுழைத்தபோது அதன் பக்கக் கண்ணாடி முறிந்து தொங்கியது. அவள் நிறுத்தவில்லை. எதிரில் வந்த ஒவ்வொரு மஞ்சள் வேனையும், ஓட்டுவது பெண்ணா என்று எட்டிப் பார்த்தாள். நாலே துண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள், அதுவும் பிந்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருக்கு வந்தது அவளுக்கு இன்னும் வந்திருக்காது. இனிமேல் வரும். எப்போது வரும் என்றுதான் தெரியவில்லை.

பள்ளி விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே வேன்கள் வரிசையாக நின்றன. வாட்ச்மேனிடம், பூட்டுக்காரர் மனைவி வண்டி எது என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அக்கா வண்டியா? அந்தக் கடைசில நிக்குது பாருங்க. இன்னைக்கு என்னமோ தூண்ல உரசிட்டாங்க. நான் இங்க வந்த நாளா அவங்க வண்டியில ஒரு கீறல் பார்த்ததில்ல."

வேன் கிளம்புகிற உறுமலில் இருந்தது. ஒரு ஆயா கடைசிக் குழந்தையை ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் முன்பக்கம் ஓடி, ஓட்டுநர் ஜன்னலில் கையை வைத்தாள். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட பெண். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா, வண்டியை அணைங்க. உங்க வீட்டுக்காரர் அனுப்பினார்."

"அவருக்கு என்ன?"

"மத்தியானம் சாப்பிட்ட தக்காளி ஒத்துக்கல. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நீங்களும் சாப்பிட்டிருக்கீங்க. இப்ப வண்டி ஓட்டக்கூடாது."

"எனக்கு ஒண்ணும் இல்ல. லேசா வாய் காயுது. நீங்க யாரு?"

"தோட்டக் குழுவில பேசுவேனே, டீச்சர்னு."

"ஓ, நீங்களா." அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. "பிள்ளைங்களை விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன். அரை மணி நேர வேலை. இவங்க அம்மாமார் எல்லாம் வாசல்ல நிப்பாங்க." கியர் மேல் கை போனது.

டீச்சர் ஜன்னலை விடவில்லை. உள்ளே கையை விட்டுச் சாவியைப் பிடுங்கலாம். ஆனால் கால் கிளட்சில் இருந்தது, வண்டி முன்னால் பாய்ந்தால் எதிரில் தெரு நிறையப் பிள்ளைகள். "கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாருங்க அக்கா. ஒரே ஒரு தடவை. கண்ணு நல்லா இருந்தா நானே வழிவிட்டு நிக்கிறேன். கண்ணு பார்க்கிறதுதான் என் வேலை."

அந்தப் பெண் எரிச்சலோடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். வெயில் பட்டதும் இமை தானாக மூடியது. மூடும் முன் டீச்சர் பார்த்துவிட்டாள். கணவன் கண்ணைப் போலவே விரிந்து கறுத்திருந்தது.

"டேஷ்போர்டுல இருக்கிற எண்ணைப் படிங்க. பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"இருக்கு, போதுமான அளவு இருக்கு. பார்த்துக்கிட்டா ஓட்டுறோம்? பழக்கத்துல ஓட்டுறது." பின்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தவள் குரலை உயர்த்தினாள். "ஏய், பின்னால நிக்கிற பையா, உட்காரு. வண்டி எடுக்கணும். நீல சட்டை, உன்னைத்தான்."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். ஜன்னலோரம் இருந்த பெரிய சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, அங்க யாரும் இல்ல" என்றாள்.

"நிக்கிறான் பாரு."

"இல்ல ஆன்ட்டி. நாங்க எல்லாரும் உட்கார்ந்துட்டோம். நம்ம வண்டியில யாருக்கும் நீல சட்டை இல்ல."

உண்மைதான். அந்தப் பள்ளியின் சீருடையே வெள்ளை. தினம் பார்க்கிற சீருடை. அந்தப் பெண் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் திரும்பி, இருக்கைகளுக்கு நடுவில் வெறுமையாகக் கிடந்த வழியைப் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை உருவி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னும் நிக்கிறான்" என்றாள் தணிந்த குரலில். "பிள்ளைங்களை இறக்குங்க. என்னைப் பார்த்துப் பயந்துடப் போறாங்க."

ஆயாவும் வாட்ச்மேனும் பிள்ளைகளைக் கேட்டுக்குள் அழைத்துப் போனார்கள். அந்தப் பெண் இறங்கிய இரண்டாவது அடியிலேயே கால் பின்னிக்கொண்டது. டீச்சர் அவளை இடுப்பில் தாங்கிப் பிடித்தாள். உடம்பு காய்ச்சல் போல் கொதித்தது. ஆட்டோவில் போகும்போது அவள் இருமுறை கதவுப்பக்கம் சாய்ந்து இறங்கப் பார்த்தாள். பையன் தனியாக நிற்கிறான் என்றாள். டீச்சர் அவளை விட இளைத்தவள். இரண்டு கையையும் கோத்துப் பிடித்து, முழு எடையையும் அவள் மேல் சாய்த்து, ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படியே இருந்தாள்.

பூட்டுக்காரர் அங்கே யாரையும் அடையாளம் கண்டுகொள்ளும் நிலையில் இல்லை. கட்டிலில் படுத்தபடி காற்றில் சாவி போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு சாவி சேராமல் அடுத்ததை எடுத்தார். சேர்ந்ததா என்று காதை வைத்துக் கேட்டார். முதலாளி பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் சொன்னதை டாக்டர் அம்மா நேரிலும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

"வெறும் தக்காளின்னு சொல்லியிருந்தா நாங்க வேற எதையோ தேடிக்கிட்டிருப்போம்" என்றார். "இதயம் ரொம்ப வேகமா அடிக்குது. ரெண்டு பேரையும் பக்கத்துலயே இருந்து பார்க்கணும். வேற யாராவது சாப்பிட்டாங்களா? அதை முதல்ல கண்டுபிடிங்க."

டீச்சர் நடைவழிக்கு வந்து போனை எடுத்தாள். அந்தச் செடியின் படத்தைப் பூட்டுக்காரர் காலையில் குழுவிலும் போட்டிருந்தார், அவள்தான் கடை வேலையில் பார்க்கவில்லை. கீழே வரிசையாகக் கைதட்டல். அவள் பேச ஆரம்பித்து, அழித்தாள். "நான் ஒரே குடும்பம்னு சொன்னது சரிதான், ஆனா" என்று அது தொடங்கியிருந்தது. இரண்டாவதையும் அழித்தாள். மூன்றாவதில் நேராகச் சொன்னாள்.

"ஊமத்தை மேல ஒட்டின எந்தச் செடியோட பழத்தையும் யாரும் சாப்பிடாதீங்க. யாருக்காவது பூட்டுக்காரர் தக்காளி குடுத்திருந்தா உடனே எனக்குச் சொல்லுங்க. ஒரே குடும்பம்னா ஒட்டும்னுதான் நான் சொன்னேன். ஒட்டினது எல்லாம் தின்னக்கூடியதுன்னு அர்த்தம் இல்லைன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும். சொல்லல."

பதிலுக்குக் காத்திருந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். நேற்று ஊமத்தை மேல் கத்தரி ஒட்டினேன், இப்போதே பிடுங்குகிறேன் என்று ஒரு பெண் எழுதினாள். பிறகு ஒரு பேக்கரிக்காரர். தனக்கு இரண்டு பழம் வந்தது என்று மட்டும் எழுதியிருந்தார். அவள் அவரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள், அவர் எடுத்ததும்.

"இல்லம்மா. பிரிட்ஜ்லயே இருக்கு. நேத்து செஞ்ச குழம்பு தீரட்டும்னு வீட்ல சொல்லிட்டாங்க."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முதலாளி வந்து ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பூட்டுக்காரருக்கு மறுநாள் தெளிந்தது. என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டுக்குப் போன உடனே கையுறை போட்டு அத்தனை செடியையும் வேரோடு பிடுங்கி, பையில் கட்டி, ஆடுமாடு மேயாத இடத்தில் போட்டார். அவர் மனைவி அவரோடு சில நாள் பேசவே இல்லை. பேசியபோதும் உப்பு எடு, கதவைச் சாத்து என்ற அளவில்தான்.

வேன் அவளுடைய சொந்த வண்டி என்றாலும், அதில் பிள்ளைகளை ஏற்றப் பள்ளி உடனே விடவில்லை. கண் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் விடுவோம் என்றார்கள். ஒரு மாலையில் அவளே கண்ணாடிக் கடைக்கு வந்தாள். உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்து, அடி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தாள். டீச்சர் டார்ச் அடித்ததும் கருவிழியின் துளை சட்டென்று சுருங்கியது.

"நல்லா இருக்கு" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "ஊமத்தை விஷம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எதுக்குக் கேட்கிறார்னு நான் கேட்கல."

"அவரும் சொல்லல. சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சிருப்பார். அந்தக் குணம் எனக்குத் தெரியும். அவர் மேல இருக்கிற கோபம் போயிடும். கூடவே இருக்கிற ஆளு. உங்க மேல இருக்கிறது எப்ப போகும்னு தெரியல."

"இருக்கட்டும் அக்கா."

"நீங்க வந்து ஜன்னலைப் பிடிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. ரெண்டையும் எப்படி ஒண்ணா வச்சுக்கிறதுன்னே புரியல."

டீச்சர் டார்ச்சை மேசை டிராயரில் வைத்தாள். அவளுக்கும் தூக்கம் வராத இரவுகள் இருந்தன. அதைச் சொன்னால் பங்கு கேட்பது போலிருக்கும் என்று தோன்றியது.

கடை அடைக்கும் நேரம். ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் வெளியே வந்தபோது, தெரு ஓரத்தில் அந்த வேன் நின்றது. தூணில் உரசிய இடத்தில் பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.

"பஸ் ஸ்டாப்புக்குத்தானே? ஏறுங்க" என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் ஒரு நொடி நின்றாள். அந்தப் பெண் அதைக் கவனித்தாள். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் ஏறி உட்கார்ந்தாள். வேன் தெரு ஓரத்திலிருந்து நிதானமாக வெளியே வந்து, எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டு, சந்தை ரோட்டில் திரும்பியது.